பலகைக்குள் இட்ட திருநீறு

சில ஆண்டுகளுக்கு முன், பாஸ்கா என்னும் ஈஸ்டர் விடுமுறைக்கு முந்திய வாரத்தில் நடந்தது இது. இடம் டென்மார்க்கில் ஹோர்சன்ஸ். ரயில் நிலையத்தில் பஸ் எடுத்து, கிடங்குகள் முகமில்லாமல் வரிசையாக நிற்கும் தெருவில் கடைசித் தரிப்பில் இறங்கினால், மரத்தூளும் பசையும் கலந்த மணம் ஒன்று முதலில் வந்து கைகொடுக்கும். அந்த மணத்துக்குப் பின்னால் இருப்பதுதான் நான் வேலை செய்யும் பட்டறை. அங்கே பனிச்சறுக்குப் பலகை செய்கிறோம். எல்லோரும் ஸ்கீ என்றே சொல்வார்கள். நானும் அப்படியே சொல்லிக்கொண்டு போகிறேன்.

மலையே இல்லாத நாட்டில் மலைக்கான சாமான் செய்கிறோம் என்று கேட்டால் சிரிப்பு வரும். டென்மார்க்கின் ஆக உயர்ந்த மேடு எங்கள் பட்டறையிலிருந்து அதிக தூரமில்லை. சைக்கிளில் ஏறிவிடலாம். உச்சியில் மாடு மேயும். அதற்கும் எங்கள் வேலைக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. எங்கள் ஸ்கீக்கள் நோர்வேக்கும் ஆல்ப்ஸுக்கும் போகின்றன. நாங்கள் போவதில்லை.

நான் ஓரிடத்தில் நிலைத்து நிற்பவள் அல்ல. மீன் வெட்டும் இடம், முதியோர் இல்லம், பள்ளிக்கூடச் சமையலறை என்று மாறி மாறி வந்து, நடு வயதில் இந்தப் பட்டறையில் ஒதுங்கினேன். இங்கும் ஒரு குளிர்காலம் நின்றுவிட்டுப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். போகாமல் இருந்ததற்கு ஸ்கீதான் காரணம். வெளியில் இருந்து பார்த்தால் நீண்ட, வழுவழுப்பான, ஒன்றும் சொல்லாத ஒரு பலகை. உள்ளே இருப்பதோ ஒன்றின் மேல் ஒன்றாகப் படுத்திருக்கும் பல பேர். ஆக அடியில் கறுப்புப் பிளாஸ்டிக் தகடு, பனியில் வழுக்குவதற்கு. அதன் ஓரம் முழுக்க உருக்குக் கம்பி, உறைபனியைப் பிடிப்பதற்கு. அதன் மேல் பசையில் ஊறிய கண்ணாடி நார்த் துணி. நடுவில் மரம், காலடியில் தடித்து, இரு நுனிகளிலும் அப்பளம் போல மெலிந்து. மரத்தின் மேல் மறுபடியும் நார்த் துணி. எல்லாவற்றுக்கும் மேல் அழகுக்கு ஒரு தாள். இத்தனையையும் அச்சில் வைத்து, சூடான அழுத்தியை மூடினால், பசை இறுகி, பல பேர் ஒருவராகி வெளியே வருவார்கள். ஒட்டினால்தான் அது ஸ்கீ. ஒட்டாவிட்டால் வெறும் அடுக்கு.

நாங்கள் செய்வது லிஃப்டில் ஏறிச் சறுக்கி இறங்குகிறவர்களுக்கான சாமான் அல்ல. பாதையும் கம்பியும் இல்லாத மலைக்குப் போகிறவர்களுக்கானது. அவர்கள் ஸ்கீயின் அடியில் மயிர் வைத்த ஒரு பட்டியை ஒட்டிக்கொண்டு, குதிகால் தூக்கித் தூக்கி, மணிக்கணக்காக மேலே நடக்கிறார்கள். அந்த மயிர் முன்னுக்கு வழுக்கும், பின்னுக்கு விடாது. உச்சியில் பட்டியைக் கழற்றிவிட்டு ஒரே இறக்கம். ஏறும்போது ஒவ்வொரு அடிக்கும் ஸ்கீயைத் தூக்குவது அவர்களுடைய கால். ஆகவே அது இலேசாக இருக்க வேண்டும். இறங்கும்போது அவர்களைத் தூக்குவது ஸ்கீ. ஆகவே அது பலமாக இருக்க வேண்டும். இந்த இரண்டு ஆசைகளும் ஒரே மரத்துண்டுக்குள் கிடந்து சண்டை பிடிக்கும். ஆழப் பனியில் மிதப்பதற்காக அதை அகலமாகச் செய்வோம். முன்பக்கத்தை வள்ளத்தின் முன்மூக்கான அணியம் போல முன்கூட்டியே மேலே வளைத்துவிடுவோம். புதைய வேண்டியது மேலே வரும். எனக்கு அந்த வளைவு பிடிக்கும். அதைத் தடவாமல் ஒரு நாளும் வேலை முடித்துப் போனதில்லை.

அடுக்குகளை வைத்துப் பசை போடுவது ஒரு அண்ணையின் வேலை. யாழ்ப்பாணத்துக்காரர், எனக்கு முன்பே பல காலம் இங்கு இருப்பவர். பசைக்குக் கையுறை போட்டால் கை குருடாகிவிடும் என்று முறைப்பாடு சொல்லிக்கொண்டே கையுறை போடுவார். அழுத்தியிலிருந்து வெளியே வந்ததை அரிந்து, தேய்த்து, ஓரம் தீட்டுவது என் வேலை. அதற்கும் முதல் ஒரு வேலை உண்டு: தட்டிப் பார்ப்பது. திருப்புளியின் பிடியால் வாலிலிருந்து நுனி வரை மெல்லத் தட்டிக்கொண்டு போக வேண்டும். ஒட்டிய இடம் டக் டக்கென்று பதில் சொல்லும். உள்ளே ஒட்டாமல் காற்று நின்ற இடம் டொப் என்று தொண்டை கட்டினது போலச் சொல்லும். இதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. தர்ப்பூசணி வாங்கும் எவருக்கும் வரும்.

அந்த அண்ணைக்கு ஒரு மகள். ஓகூஸ் நகரில் படிக்கிறாள். மலை அவளைப் பிடித்துக்கொண்டது. முதலில் நண்பிகளோடு லிஃப்ட் உள்ள இடம், பிறகு லிஃப்ட் இல்லாத இடம். அந்தப் பாஸ்காவுக்கு வட நோர்வேயில், மலையேறுகிறவர்கள் தங்கும் குடிசையிலிருந்து குடிசைக்கு ஸ்கீயிலேயே போவது என்று நாலைந்து பிள்ளைகள் திட்டம் போட்டிருந்தார்கள். அண்ணை அதை வீட்டில் தடுத்துப் பார்த்தார். முடியவில்லை. பட்டறைக்கு வந்து எங்களிடம் அரற்றினார்.

“எங்கடை ஆக்கள் ஆரும் சும்மா இருக்கேலாமல் மலைக்குப் போய் விழுகினமோ தங்கச்சி? ஆமிக்காரனுக்கும் பயந்தம், கடலுக்கும் பயந்தம். இவளுக்குப் பயமெண்டா என்னெண்டே தெரியாது.”

“நீங்கள் செய்யிற ஸ்கீயிலை ஆரோ வீட்டுப் பிள்ளையள்தானே அண்ணை போகினம்?”

“அவையள் வேறை வீட்டுப் பிள்ளையள்!”

இதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அடுத்த வாரமே மனம் மாறினார். அல்லது, மாற்ற முடியாததை வேறு பக்கமாகப் பிடித்துக்கொண்டார். “போறதெண்டு போறாய். நான் செய்யிற ஸ்கீயிலை போ” என்று மகளிடம் சொல்லிவிட்டார். அவளுக்குச் சந்தோஷம். தன் அப்பா செய்த ஸ்கீயில் வருகிறேன் என்று நண்பிகளுக்கெல்லாம் சொல்லியிருந்தாள். பட்டறையில் வேலை செய்பவர் தன் வீட்டாருக்கு ஒரு சோடி செய்துகொள்ள முதலாளி எப்போதும் விடுவார். முதலாளி டேனிஷ்காரர். நாங்கள் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். இங்கே எழுதுவதற்காக முதலாளி ஆக்கியிருக்கிறேன்.

அந்தச் சோடிக்காக அண்ணை பட்ட பாட்டைப் பார்க்க வேண்டும். இலேசான மரத்தைத் தெரிந்து, காலடிக்குப் பக்கத்தில் மட்டும் கடின மரப் பட்டிகளை வைத்து ஒட்டி, நுனியை மெலிய இழைத்தார். அதுவரை எல்லாம் சரி. பிறகு ஒரு அடுக்கு நார்த் துணி கூட வைக்கலாமா என்று முதலாளியிடம் கேட்டார். வேண்டாம் என்றார் முதலாளி. உருக்குக் கம்பியைக் கொஞ்சம் தடித்ததாகப் போடலாமா? வேண்டாம். காபன் பட்டி இரண்டு? ஒன்று போதும். முதலாளி கடைசியில் அவருடைய தோளைப் பிடித்து, நீ செய்வது ஸ்கீ, கதவு இல்லை என்றார். அண்ணை தலையாட்டினார். அவர் மேலும் ஒரு அடுக்கு தேடிக்கொண்டிருந்தார் என்பது எங்களுக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை காலை அந்தச் சோடி என் மேசைக்கு வந்தது. கடும் நீலத் தாள், அழகான அணியம். மத்தியானத்துக்குப் பிறகு மகள் தன் சப்பாத்தைப் பூட்டும் பிடிகளைக் கொண்டு வருவதாகவும், அன்றைக்கே பூட்டிக் கொடுப்பதாகவும் ஏற்பாடு. மறுநாள் காரில் ஹியர்ட்ஸ்ஹால்ஸ் துறைமுகம் போய் நோர்வேக்குக் கப்பல். நான் திருப்புளியை எடுத்துத் தட்டத் தொடங்கினேன். வாலிலிருந்து காலடி வரை மணி மாதிரிக் கேட்டது. காலடியைத் தாண்டி முன்னுக்குப் போய், வளைவு எழும்பும் இடத்தில் டொப். மறுபடி தட்டினேன். டொப். மற்ற ஸ்கீயை எடுத்தேன். அதே இடம், அதே டொப்.

ஒரு ஸ்கீயில் காற்று நிற்கலாம். இரண்டிலும் ஒரே இடத்தில் நிற்காது. அண்ணையைக் கூப்பிட்டேன். அவர் வந்து தானே தட்டினார், காது வைத்துத் தட்டினார், விரல் கணுவால் தட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். துடைத்து முடிக்கவே இல்லை.

“அண்ணை, உதுக்குள்ளை என்ன?”

“ஒண்டுமில்லை.”

“அண்ணை.”

“திருநீறு” என்றார்.

கோயிலில் மகளின் பெயருக்கு அர்ச்சனை செய்து, அந்தத் திருநீற்றைக் கடதாசிச் சரைக்குள் மடித்துச் சட்டைப் பையில் கொண்டு வந்திருந்தார். மரத்தை அச்சில் வைத்த பிறகு, மேல் துணியை விரிப்பதற்கு முன், ஒருவரும் பார்க்காத நேரத்தில் மூன்று குறி, தடிப்பாக. நடுவில் சந்தனப் பொட்டும். காலடியில் வைத்திருந்தால் மிதிபடும் என்று காலடியில் வைக்கவில்லை. முன்னுக்கு, நெற்றியில் வைத்தார். ஸ்கீக்கு எது நெற்றி என்று எங்கள் பட்டறையில் அதற்கு முன் எவரும் யோசித்திருக்க மாட்டார்கள். மரம் ஆக மெலிந்திருப்பதும், ஸ்கீ ஆக அதிகமாக வளைவதும், கல்லிலும் வேரிலும் முதலில் போய் இடிப்பதும் அந்த இடம்தான்.

“தூள் பசையைக் குடிச்சிருக்கும் அண்ணை. மரத்துக்குப் பசை போய்ச் சேர்ந்திராது.”

“திருநீறு கெடுதல் செய்யுமே?”

“சாமிக்கும் பசைக்கும் ஒரு பகையுமில்லை. தூளுக்கும் பசைக்கும்தான் பிரச்சினை.”

“கொஞ்சம்தான் வைச்சனான்.”

“மூண்டு குறி எண்டீங்கள். பொட்டும் எண்டீங்கள்.”

அவர் வேறு வழி பார்த்தார். ஊசியால் பசை ஏற்றி இறுக்கி வைத்தால் சரிவரும்தானே என்று கேட்டார். முதலாளி வந்தார். தட்டினார். என்ன நடந்தது என்று நான் டேனிஷில் சொன்னேன். திருநீறு என்பதற்கு அந்த மொழியில் என்ன சொல்வது? கோயிலில் இருந்து வந்த சாம்பல் என்றேன். அவர் சிரிக்கவில்லை. பசைக்கு நடுவிலா, என்று மட்டும் கேட்டார். பிறகு சொன்னார்: வீட்டுக்குப் பக்கத்தில், லிஃப்ட் உள்ள இடத்தில் சறுக்குவதென்றால் ஊசி ஏற்றிக் கொடுக்கலாம். முன்பக்கம் வாய் பிளந்தால் நடந்து வந்து கோப்பி குடிக்கலாம். இவர்கள் போகிற இடத்தில் குடிசைக்கும் குடிசைக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. இடுப்பளவு பனியில் ஸ்கீ இல்லாமல் ஒரு மனிதன் நடக்க முடியாது. இது வெளியே போகாது.

எங்கள் பட்டறையில் ஒரு முறை உண்டு. பிழையாகிப்போன ஸ்கீயைக் குப்பையில் போட மாட்டோம். அடுக்கு வைத்தவர் எவரோ அவரே அதை வளைக்கும் சட்டத்தில் பூட்டி, பிடியைச் சுற்றி, முறியும் வரை வளைக்க வேண்டும். தண்டனை ஒன்றும் இல்லை. எங்கே திறந்தது, ஏன் திறந்தது என்று அவர் தன் கண்ணாலேயே பார்க்க வேண்டும் என்பதற்காக. அடுக்கு வைத்துப் பழகிய காலத்தில் நானும் ஒரு தரம் முறித்திருக்கிறேன்.

அண்ணை மாட்டேன் என்றுவிட்டார். “பிள்ளை வெளிக்கிடுற நேரம், அர்ச்சனைத் திருநீறு வைச்சதைப் போய் என்ரை கையாலை முறிக்கிறதோ? வேலையை விட்டாலும் விடுவன், அதைச் செய்ய மாட்டன்.” முதலாளிக்கு இதை நான் மொழிபெயர்க்கவில்லை. அண்ணையின் முகத்தைப் பார்த்தே முதலாளி விளங்கிக்கொண்டு, சரி, நாளைக்குப் பார்ப்போம் என்று போய்விட்டார். ஸ்கீக்கள் என் மேசையிலேயே கிடந்தன. மத்தியானம் அண்ணை சாப்பிடவில்லை.

அவருடைய பயம் எதைப் பற்றியது என்று எனக்குப் பிறகுதான் மெல்ல விளங்கியது. மகள் மலையில் விழுவாளே என்ற பயத்தை ஸ்கீயை மறித்துத் தீர்த்துக்கொள்ளலாம். மறித்தால் அவள் நம்ப மாட்டாள் என்பதுதான் மற்றப் பயம். போகாதே போகாதே என்று மாதக்கணக்காகச் சொன்ன வாய், கடைசி நாளில் ஸ்கீ சரியில்லை என்று சொன்னால், எந்தப் பிள்ளை நம்பும்?

“நீ சொல்லு தங்கச்சி. நீ சொன்னாக் கேப்பாள்.”

“நான் என்னெண்டு சொல்லுறது? நீங்கள் வைச்சதை நீங்கள்தான் சொல்ல வேணும்.”

அவள் வந்தாள். காற்றில் சிவந்த முகம், முதுகில் பை, கையில் பிடிகள் இருந்த பெட்டி. “ஹாய் அன்ரி” என்றாள். மேசையில் கிடந்ததைக் கண்டதும் ஓடி வந்து, இரண்டையும் நிமிர்த்தி, தன் உயரத்தோடு வைத்துப் பார்த்தாள். வளைவைத் தடவினாள். நான் ஒவ்வொரு நாளும் தடவும் அதே இடம். “அப்பா, சரியான வடிவு!”

அண்ணை கை கழுவும் தொட்டியில் நின்று கை கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. முதுகைத் திருப்பாமலே சொன்னார்: “பிள்ளை, உதை நீ கொண்டுபோகேலாது. உது சரிவரேல்லை.”

முதலில் அவள் சிரித்தாள். பிறகு அவருடைய முதுகைப் பார்த்தாள். பிறகு டேனிஷுக்கு மாறிவிட்டாள், கோபம் வந்தால் இங்கே பிறந்த பிள்ளைகள் போகும் வீடு அது. முதலில் மலை வேண்டாம் என்றீர்கள், பிறகு அந்த நண்பிகள் வேண்டாம் என்றீர்கள், பிறகு காலநிலை சரியில்லை என்றீர்கள், இப்போது நீங்களே செய்த ஸ்கீ சரியில்லையா என்று கேட்டாள். கடைசியில் தமிழில் வந்து நின்றாள். “நேரா சொல்லுங்கோ அப்பா. நான் போறது உங்களுக்கு விருப்பமில்லை. அவ்வளவுதானே?”

அவர் தண்ணீர்க் குழாயை மூடினார். திருநீறு என்ற ஒரு சொல்லைச் சொன்னால் போதும். அந்தச் சொல் அவருடைய வாயில் வரவில்லை.

நான் திருப்புளியை அவளிடம் நீட்டினேன். “உன்ரை காதாலை கேள்” என்றேன். அவள் தட்டினாள். காலடியில் டக், முன்னுக்கு டொப். எனக்குக் கேட்டது. அவளுக்குக் கேட்கவில்லை. அல்லது கேட்க விரும்பவில்லை. “எனக்கு எல்லாம் ஒரே மாதிரித்தான் கேக்குது அன்ரி. நல்லாத்தான் இருக்கு. நான் கொண்டுபோறன். பிடியை அங்கை கடையிலை பூட்டிக்கொள்ளுறன்.”

சொன்னதோடு நிற்கவில்லை. இரண்டையும் தோளில் சாய்த்துக்கொண்டு கதவைப் பார்த்து நடந்தாள். வெளியே நண்பியின் கார் இயந்திரத்தை நிறுத்தாமல் நின்றது. பட்டறையில் மரம் அரியும் வாளும் தூள் உறிஞ்சியும் ஓய்ந்திருந்த நேரம் அது. அவளுடைய சப்பாத்துச் சத்தம் மட்டும் கேட்டது. முதலாளி அலுவலக அறையில் இருந்தார். மறிப்பதென்றால் நான்தான் மறிக்க வேண்டும். நான் ஒரு அடி எடுத்து வைத்தேன்.

எனக்கு முன்னால் அண்ணை போனார். ஈரக் கையோடு போய், அவளுடைய தோளிலிருந்து ஒரு ஸ்கீயை இழுத்தார். அவள் விடவில்லை. இரண்டு பேரும் ஒரு கணம் வாய்க்காலுக்குச் சண்டை பிடிக்கும் பங்காளிகள் மாதிரி அந்த நீலப் பலகையின் இரு பக்கமும் நின்றார்கள். பிறகு அவர் மெல்ல, “விடு குஞ்சு” என்றார். அவள் விட்டாள்.

நேராக வளைக்கும் சட்டத்துக்குப் போனார். காலடியைப் பூட்டினார். முன் நுனியில் கொளுக்கியை மாட்டினார். பிடியைச் சுற்றத் தொடங்கினார். நல்ல ஸ்கீ அந்தச் சட்டத்தில் வில் மாதிரி வளையும், பார்க்கிறவனுக்குத்தான் நெஞ்சு அடிக்கும், அதற்கு ஒன்றும் ஆகாது, விட்டதும் நிமிர்ந்துவிடும். இது பாதி வளைவிலேயே முனகியது. அவர் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினார். நீலத் தாள் உப்பியது. உலர்ந்த ஓலை கிழிவது போல ஒரு சத்தம். முன்பக்கம் வாய் திறந்துவிட்டது. மேல் துணி மரத்தை விட்டு முழுதாக எழும்பி நின்றது.

உள்ளே மூன்று குறிகளும் அப்படியே இருந்தன. பசையைக் குடித்த மேல்தூள் துணியோடு போக, அடியில் பசை தொடாத வெள்ளை. அழுத்தியின் சூட்டிலும் பாரத்திலும் கிடந்து, இப்போதுதான் இட்டது போல. நடுவில் சந்தனம் கறுத்துப்போயிருந்தது.

மகள் குனிந்து பார்த்தாள். விரலால் தொட்டாள். விரலை மூக்குக்குக் கொண்டுபோனாள். வெளியே கார் ஒரு தரம் ஹோர்ன் அடித்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“இது ஆர் பூசினது?”

“நான்தான். வேறை ஆர் பூசுறது?”

“ஏன் உள்ளுக்கை? வெளியிலை பூசியிருக்கலாமே அப்பா?”

அண்ணை பிடியை இன்னும் விடவில்லை. விட்டால் சட்டம் படாரென்று திரும்பிவிடும் என்பதால் இருக்கலாம். “வெளியிலை பூசினா நீ துடைச்சுப்போடுவாய் எண்டு நினைச்சன்.”

இந்த இடத்தில் அவள் அழுதாள், அவர் அணைத்தார் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. மரத்தூள் மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்து, நேர்மையாக யோசித்து, “ஓம். துடைச்சுத்தான் இருப்பன்” என்றாள்.

அதைக் கேட்டு அண்ணை திடுக்கிட்டார். பிறகு அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறார் என்றுதான் நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். “பாத்தியே தங்கச்சி, நான் சொன்னனான்தானே, துடைப்பாள்! கணக்குச் சரி!”

“கணக்குச் சரி, ஸ்கீதான் பிழை” என்றேன்.

“நான் செத்திருந்தா?” என்று மகள் கேட்டாள். குரலை உயர்த்தாமல், ஸ்கீயின் பிளந்த வாயைப் பார்த்துக்கொண்டே. சிரிப்பு நின்றது. அவர் பிடியை மெல்லப் பின்னுக்குச் சுற்றி, கொளுக்கியைக் கழற்றி, முறிந்ததை நிலத்தில் வைத்தார். “அதுக்குத்தான் முறிச்சனான்” என்றார்.

சத்தம் கேட்டு வந்த முதலாளி, பரிசோதனைக்குப் பாவிக்கும் பழைய சோடி ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தார். செம்மஞ்சள் நிறம், எங்கும் கீறல், பார்க்கவே வெட்கமாக இருக்கும். இரண்டு குளிர்காலம் நோர்வேயில் கல்லில் அடி வாங்கி வந்தது. நான் தட்டிப் பார்த்தேன், நுனியிலிருந்து வால் வரை டக். அவளும் திருப்புளியை வாங்கித் தட்டினாள். இந்த முறை தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, நிதானமாக. பிறகு முறிந்ததின் சோடியான மற்ற நீல ஸ்கீயையும் தட்டினாள். “இப்ப கேக்குது” என்றாள்.

பிடிகளை அண்ணைதான் பூட்டினார். சப்பாத்தை வைத்து நடுக்கோடு பிடித்து, துளை அடிக்கு வந்துவிடாமல் ஆழம் பார்த்துத் துளைத்து, ஒவ்வொரு துளைக்கும் ஒரு சொட்டுப் பசை விட்டு, கையாலேயே திருகாணிகளை இறுக்கினார். அவள் பக்கத்தில் நின்று ஆணிகளை எடுத்துக் கொடுத்தாள். நண்பியும் காரை நிறுத்திவிட்டு உள்ளே வந்து கோப்பி குடித்தாள். அப்பாவும் மகளும் அந்த நேரம் முழுக்க ஆணியைப் பற்றி மட்டும்தான் கதைத்தார்கள். இது நீளம் கூடவோ, அது காணுமோ, இன்னும் ஒரு சுற்றுச் சுற்றலாமோ. வேறு ஏதும் கதைத்திருந்தால் நான் காதைத் திருப்பியிருப்பேன்.

வெளிக்கிடும்போது அண்ணையின் கை சட்டைப் பைக்குப் போனது. அங்கேயே நின்றது. அவள் அதைக் கண்டாள். கண்டும் நெற்றியைக் கொண்டுவந்து நீட்டவில்லை. “போனவுடனை போன் எடுக்கிறன் அப்பா” என்றாள். கார் போய்விட்டது. அவர் கையை வெளியே எடுத்து, வெறுங்கையைக் காட்டி ஆட்டினார்.

அவள் போனாள், வந்தாள். மலையில் ஒன்றும் நடக்கவில்லை. நல்ல பனி, நல்ல வெயில், ஒருத்திக்குக் காலில் கொப்புளம், அவ்வளவுதான். நீல ஸ்கீயில் போயிருந்தாலும் ஒன்றும் நடக்காமல் இருந்திருக்கலாம். அதை இனி எவரும் அறிய முடியாது. அந்த அறிய முடியாததோடு அண்ணை இன்றும் வேலைக்கு வருகிறார், பசை போடுகிறார், கையுறையைத் திட்டுகிறார். மகள் அடுத்த குளிர்காலத்துக்கு வேறு சோடி கேட்டாள். அதற்கு அடுக்கு வைத்தபோது அவளும் வந்து கூட நின்றாள். காவலுக்கு நிக்கிறாள் என்று அவர் முறைப்பாடு சொன்னார். இல்லை, படிக்க நிக்கிறன் என்றாள் அவள். இரண்டும் உண்மையாக இருந்திருக்கும்.

அல்பர்ட்ஸ்லுண்ட் என்ற ஊரில் என் மகன் தனியாக இருக்கிறான். அவனுடைய வாழ்க்கையில் எனக்குப் பயமானவை மலையை விட உயரம் குறைந்தவைதான், ஆனால் எண்ணிக்கையில் அதிகம். தாய்மாருக்கு, பிள்ளை அறியாமல் அவனுடைய நாளுக்குள் எதையாவது செருகி வைக்கும் வழிகள் பல தெரியும். ஒரு தெரிந்தவருக்குப் போன் அடித்துச் சொல்லி வைப்பது, ஒரு கதையைப் பாதி மறைப்பது, ஒரு முடிவை அவனே எடுத்தது போல எடுக்க வைப்பது. அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு என் கை அப்படிப் போகும் போதெல்லாம் டொப் என்று எங்கோ கேட்கிறது. அதனால் அவனுக்குக் கொடுக்க விரும்புவதை அவன் கண்ணுக்கு முன்னால், வெளியில் வைக்கப் பழகியிருக்கிறேன், விருப்பமில்லாவிட்டால் அவன் துடைத்துவிடலாம் என்று தெரிந்தே.